வியாழன் கொதித்த இரவுகள்: பின்கட்டிலிருந்து கோள்களைப் படம் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஜூலை. ஊரடங்கில் ஜோகன்னஸ்பர்க்கே வாயை மூடிக்கொண்டு கிடந்த நேரம். வியாழன் நள்ளிரவில் தலைக்கு நேர் மேலே, உச்சியிலிருந்து 4 டிகிரிதான் தள்ளி நின்றது. லண்டனில் அதே வியாழன் வீட்டுக் கூரைகளைத் தாண்டவே திணறிக்கொண்டிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் இருக்கும் எனக்கு அடித்தது யோகம் என்று, 8 அங்குலக் கண்ணாடி உள்ள டாப்சோனியன் டெலஸ்கோப்பைப் பின்கட்டில் வைத்தேன். சின்ன வீடியோ கேமரா, லேப்டாப், தோளில் கம்பளி. திரையில் தெரிந்ததோ, உலையில் கொதிக்கிற சோறு மாதிரி துடிக்கும் ஒரு மஞ்சள் உருண்டை.

டெலஸ்கோப் வாங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கேமரா மட்டம், இன்னும் நல்லது வாங்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கொதித்தது எங்கள் வீட்டுத் தரை.

எங்கள் பின்கட்டு முழுக்கச் சிமெண்டுக் கல் பாவியது. இங்கே குளிர்காலத்தில் பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும், சூரியன் இறங்கியதும் குளிர் மளமளவென்று வந்துவிடும். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கல்லும் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையும் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டுக் காற்றுக்குள்ளே புகுந்துதான் வியாழனின் ஒளி கண்ணாடிக்கு வந்தாக வேண்டும். யாராவது பிராய் (இங்கத்திய இறைச்சி வாட்டும் அடுப்பு) போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். புல் இருக்கிற மூலைக்கு டெலஸ்கோப்பை நகர்த்துங்கள். புகைபோக்கிக்கும் கூரைக்கும் நேர் மேலே இருக்கிற கோளை எடுக்காதீர்கள், அது நகரும்வரை காத்திருங்கள். காசு செலவில்லாமல் என் படங்கள் இவ்வளவு தேறியது வேறு எதனாலும் இல்லை.

அடுத்தது கண்ணாடியின் சூடு. ஹீட்டர் ஓடும் அறையிலிருந்து தூக்கி வந்து உடனே படம் எடுக்க உட்காருவது எல்லோரும் செய்வது. 8 அங்குலக் கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் வெளியே இன்னும் குளிர்ந்துவிடும், கண்ணாடி மறுபடி பின்னால் ஓடும். நான் மத்தியானமே கராஜில் வைத்துவிடுகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் பழைய கணினியிலிருந்து கழற்றிய ஒரு சின்ன விசிறியும் ஓடும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்த்து ஃபோகஸை வேண்டுமென்றே கெடுங்கள், அது ஒரு வட்டாக விரியும். வட்டுக்குள் புகை மாதிரி ஏதோ மெதுவாக ஒரு பக்கமாக மேலேறினால் குழாய்க்குள் சூடு இருக்கிறது, காத்திருக்கலாம். ஆற்று நீர் ஓடுவது போல அலைகள் ஒரே திசையில் விரைந்து போனால் அது பல கிலோமீட்டர் உயரத்துக் காற்று. அதற்கு நம் கையில் மருந்தில்லை. படுத்துத் தூங்கலாம்.

இங்கேதான் அனுபவசாலிகளே ஏமாறுகிறார்கள். தெளிந்த வானம் வேறு, அசையாத வானம் வேறு. கேப் பக்கமிருந்து குளிர்முகம் ஒன்று கடந்துபோன மறுநாள் இரவு வானம் கழுவிவிட்டது போல் இருக்கும், நட்சத்திரம் எல்லாம் மினுமினுக்கும். ‘ஆகா’ என்று டெலஸ்கோப்பைத் தூக்கினால் தோல்விதான், மினுமினுப்பே காற்று கலங்கியிருப்பதன் அடையாளம். எனக்கு வாய்த்த நல்ல படங்களில் பல, மெல்லிய மங்கல் படர்ந்து, காற்றே இல்லாமல் புழுங்கிய இரவுகளில் எடுத்தவை. நெபுலா எடுப்பவர்கள் அந்த இரவுகளைத் திட்டுவார்கள். கோள் எடுப்பவன் கும்பிட வேண்டும்.

அப்புறம், வட அரைக்கோளத்துக்காரர்களின் குறிப்புகளை அப்படியே நம்புவது. வியாழன் 2026 ஜனவரி 10 அன்று எதிரமைவுக்கு (வானில் சூரியனுக்கு நேர் எதிரே) வந்தபோது ‘பொற்காலம்’ என்றார்கள். அவர்களுக்குப் பொற்காலம். மிதுனத்தில் நின்ற வியாழன் நமக்கு வடக்கு வானத்தில் சுமார் 42 டிகிரிக்கு மேல் ஏறவில்லை, அதுவும் இடி மழைக் காலத்தில். உயரம் குறைந்தால் ஒளி கடக்கும் காற்று கூடும், வட்டின் ஒரு விளிம்பில் நீலமும் எதிர் விளிம்பில் சிவப்பும் வழியும். உதயமானதும் அவசரப்படாமல், நேர் வடக்கே வந்து உச்ச உயரம் எட்டும்வரை பொறுங்கள். நிறம் பிரிவதைச் சரிசெய்ய ஏடிசி என்ற சின்னப் பட்டகக் கருவி இருக்கிறது. கோள் தாழ்வாக நிற்கும் ஆண்டுகளில் அது வாங்கத் தகுந்தது.

“குரு பார்த்தா கோடி நன்மை தம்பி, நீ எதுக்கு ராத்திரியெல்லாம் குருவைப் பார்க்கிறே?” என்று பக்கத்து வீட்டு ஆயா மதில் மேலாகக் கேட்பார். சனியைக் காட்டக் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார்.

மோட்டார் உள்ள மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் பீடம்) பழையது ஒன்று கைக்கு வந்தபோது நடந்ததைச் சொல்ல வெட்கம்தான். சுழற்சி அச்சைத் தெற்கு நோக்கி வைத்து மோட்டாரைப் போட்டேன். வியாழன் திரையை விட்டு ஓடியது, மோட்டார் இல்லாதபோது ஓடியதைவிட இரண்டு மடங்கு வேகமாக. இரண்டு வாரம் பல்சக்கரத்தைத் திட்டினேன். பெட்டியின் ஓரத்தில் ‘N’, ‘S’ (வடக்கு, தெற்கு) என்று அரைக்கோளம் மாற்றும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. அது வடக்கில் கிடந்தது.

அந்த அச்சைத் திசைகாட்டி வைத்துத் திருப்புகிறவர்களுக்கு இன்னொரு பொறி. ஜோகன்னஸ்பர்க்கில் காந்த ஊசி காட்டும் வடக்கு, உண்மை வடக்கிலிருந்து சுமார் 20 டிகிரி மேற்கே தள்ளியிருக்கிறது. துருவ நட்சத்திரம் நமக்கு இல்லை. தென் துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்மா ஆக்டாண்டிஸ் நகர வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கோள்களுக்குத் துல்லியம் தேவையில்லை. சாய்வை நம் அட்சரேகையான 26 டிகிரியில் வைத்து, அந்த 20 டிகிரியைக் கழித்துக்கொண்டால் போதும்.

உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் மேல் ஆசை பொல்லாதது. சென்சாரின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 5 ஆல் பெருக்கினால் வருகிற எண்தான் ஏறக்குறையப் பொருத்தமான குவிய விகிதம் (குவியத் தூரத்தைக் கண்ணாடி விட்டத்தால் வகுத்தது). 2.9 மைக்ரான் பிக்சலுக்கு 14.5. என் டாப்சோனியனின் விகிதம் 6. இரண்டு மடங்கு பார்லோவில் 12 ஆகிறது, போதும். நானோ ஐந்து மடங்கு போட்டு 30க்குக் கொண்டுபோனேன். 12இல் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்கு ஒளிதான் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைத்தது. ஈடுகட்ட எக்ஸ்போஷரை நீட்டினேன், நீட்டியதால் காற்றின் நடுக்கமும் சேர்ந்து பதிந்தது. படம் பெரிதாக இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

கண்ணாடிகளை நேர்ப்படுத்தும் காலிமேஷனைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். காரில் ஏற்றி இறக்கினாலே கண்ணாடிகள் விலகும், ஒவ்வொரு இரவும் பாருங்கள். டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் ஈரம்தான் முதல் எதிரி. முன்னால் கண்ணாடித் தகடு உள்ள டெலஸ்கோப் என்றால் அதில் பனி கோத்துக்கொள்ளும், அதற்கு ஒரு சூட்டுப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். சூரியன் மறையுமுன் வெள்ளியைத் தேடுகிறவர்கள், சூரியன் ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். கண் போனால் போனதுதான்.

ஒரே ஒரு புகைப்படம் எடுத்துவிட்டுச் சரியில்லை என்று கைவிடுகிறவர்களும் உண்டு. கோள்களுக்கு வீடியோதான். ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் காற்று கணநேரம் அடங்கிய பத்து, இருபது சதவீதத்தைப் பொறுக்கி அடுக்க வேண்டும். ஃபயர்கேப்சரில் பதிந்து ஆட்டோஸ்டாக்கர்ட்டில் அடுக்கலாம், இரண்டும் இலவசம். ஆனால் வியாழன் தன்னைத்தானே சுற்ற 9 மணி 55 நிமிடம்தான். 2 நிமிடத்தில் வட்டின் நடுவிலுள்ள புள்ளி ஏறக்குறைய அரை ஆர்க் செகண்டு (ஒரு ஆர்க் செகண்டு என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) நகர்ந்துவிடும், 8 அங்குலத்தின் பிரிதிறனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து நிமிடம் ஓடவிட்டு அப்படியே அடுக்கினால் நீங்களே படத்தைத் தேய்த்துவிடுகிறீர்கள். செவ்வாயை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடலாம், அதற்கு ஒரு சுற்று 24 மணி நேரத்துக்கும் மேல்.

கடைசியில் கூர்மையாக்கும் பொத்தான்கள். வேவ்லெட்டைக் கொஞ்சம் இழுத்தால் பட்டைகள் எழும். கூடுதலாக இழுத்தால் வட்டின் விளிம்பில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு கோடு விழும். 2018 ஜூலை 27 அன்று, சந்திர கிரகணத்தின் பக்கத்திலேயே செவ்வாய் தலைக்கு மேல் எரிந்தது. என் டெலஸ்கோப் அப்போது புதுசு. படத்தில் ஒரு அடையாளமும் தெரியவில்லை. ஃபோகஸ் போச்சு என்று நினைத்துக் கூர்மையாக்கிக் கூர்மையாக்கி, இல்லாத கோடுகளை எல்லாம் வரவழைத்தேன். செவ்வாய் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது என்று பிறகுதான் படித்தேன். ஜூன் மாதத்திலேயே ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அந்தப் புழுதியில் பேச்சை நிறுத்தியிருந்தது.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு தவறு இருக்கிறது. சுழற்சியைச் சரிசெய்யும் வின்ஜூபோஸுக்கு உலகப் பொது நேரம் வேண்டும், நம் கடிகாரம் அதற்கு 2 மணி நேரம் முன்னால். அந்த 2 மணி நேரத்தில் வியாழன் 72 டிகிரி சுற்றிவிடும், பெரிய சிவப்புப் புள்ளி எங்கோ போய் நிற்கும். தேதியும் பொது நேரமும் பெயரிலேயே இருக்கட்டும். என் 2020 வீடியோக்களில் ஓரளவு தேறியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் ‘குரு நல்லது 3’. எந்த இரவில் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.