பச்சிளங் குழந்தையின் அழுகையை பிராட் மென்பொருளில் அளக்கும் முறை

பிறந்து 3 வாரமேயான என் மகளின் பசி அழுகையை முதன்முதலாக அளந்தபோது, அதன் அடிப்படை அதிர்வெண் (குரல்நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்ற அளவு) 310 ஹெர்ட்ஸ் என்று மென்பொருள் காட்டியது. அந்த எண் தவறானது என்று கண்டறிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நீங்களும் அங்கே சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் என்னும் பேச்சொலி ஆய்வு மென்பொருள். இலவசமாகக் கிடைப்பதோடு, கணக்கீட்டின் எல்லைகளை நாமே மாற்றிக்கொள்ள இடம் தருவதால் இந்த வேலைக்கு இதையே பரிந்துரைப்பேன்.

கைப்பேசியைக் குழந்தையிடமிருந்து ஓரடி தள்ளி வைத்து, 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு சுருக்கப்பட்டிருக்கும் என்பதால் அது வேண்டாம். பதிவுக்காகக் குழந்தையை அழவிட வேண்டியதில்லை. தானாக அழும்போது கிடைக்கும் பத்து நொடிகளே போதும், உடனே தூக்கிவிடுங்கள்.

கோப்பைத் திறந்தபின், மூச்சை வெளிவிடும்போது எழும் ஒவ்வோர் அழுகைத் துண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுங்கள். இடையே மூச்சை உள்ளிழுக்கும் ஒலியும் சேர்ந்துவிட்டால் சராசரி கெட்டுவிடும்.

இனி நான் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன். என்னிடமிருந்த பதிப்பு, பெரியவர்களின் பேச்சை மனத்தில் கொண்டு, 75 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே தேடியது. பச்சிளங் குழந்தையின் அழுகையோ பெரும்பாலும் 400 முதல் 600 வரை இருக்கும். வீறிடும்போது 1,000-ஐயும் தாண்டும். என் மகளின் அழுகை 620 ஹெர்ட்ஸில் இருந்ததால், எல்லைக்குள் அடங்கிய அதன் சரிபாதியை மென்பொருள் விடையாகத் தந்துவிட்டது. பிட்ச் செட்டிங்ஸில் கீழ் எல்லையை 200 என்றும் மேல் எல்லையை 1,200 என்றும் மாற்றியதும் சரியான எண் வந்தது. அப்போதும் நம்பிவிடாமல், ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று கருமையாகக் காட்டும் நிறமாலைப் படத்தில் அடியில் உள்ள முதல் கரும்பட்டையின் நடுவில் சொடுக்கி, இடப்புறம் தோன்றும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். என் பதிவில் 310-இல் எந்தப் பட்டையும் இல்லை, வெறும் வெளுப்புதான்.

குரல் கரகரக்கும் இடங்களில், மென்பொருள் கணித்த அடிப்படை அதிர்வெண்ணைக் காட்டும் நீலக்கோடு அறுந்துபோகும். அதை இட்டு நிரப்பாதீர்கள். 2009-இல் சிசுக்களின் அழுகையை ஆராயும் கேத்லீன் வெர்ம்கே குழுவினர், பிரெஞ்சுச் சிசுக்களின் அழுகை ஏறுமுகமாகவும் ஜெர்மன் சிசுக்களின் அழுகை இறங்குமுகமாகவும் அமைவதாகக் காட்டினார்கள். அத்தகைய ஏற்ற இறக்கத்தை ஆராய்வதற்கு, பாதியாகச் சரிந்த ஓரிரு புள்ளிகளே பெருங்கேடு.

பிற்சேர்க்கை: எல்லையை மாற்றிய பிறகும் நீலக்கோடு முதல் பட்டையின்மேல் படியவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இடப்புற அளவுகோல் நிறமாலைக்கும் வலப்புற அளவுகோல் நீலக்கோட்டுக்கும் உரியவை என்பதால், கோடும் பட்டையும் திரையில் நிற்கும் உயரத்தை விட்டுவிட்டு எண்களை மட்டுமே ஒப்பிட வேண்டும்.