ஹட்டராஸ் தீவில் சர்ஃபிங்: அமைதியான தண்ணீரை நம்பாதீர்கள்

அமெரிக்காவின் வட கரோலினா கரையை ஒட்டி நாடா போல நீள்கின்றன அவுட்டர் பேங்க்ஸ் மணல் தீவுகள். அவற்றில் ஹட்டராஸ் தீவு, சர்ஃபிங் செய்பவர்களுக்குப் பெரிய வரம். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் திட்டு இங்கே குறுகல் என்பதால் ஆழ்கடல் அலை அதிகம் தேயாமல் கரைக்கு வருகிறது. பெரும்பகுதி தேசியப் பூங்கா நிலம். மைல் கணக்கில் ஆளில்லாத மணல் கிடக்கும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான்: நுரையில்லாமல் தண்ணீர் அடங்கிக் கிடக்கும் இடமாகப் பார்த்து இறங்குவது. அலை உடைவது நீருக்கடியில் மணல்மேடு இருக்கும் இடத்தில். இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் அலை உடையாது. ஆனால் கரைக்கு ஏறிய தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். ரிப் கரண்ட் என்பது அதுதான். கைதேர்ந்தவர்கள் அதையே அலைக்குப் பின்னால் போகும் வழியாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களை அது இழுத்துக்கொண்டு போய்விடும். மாட்டிக்கொண்டால் பலகையை விடாதீர்கள். கரையை நோக்கி எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாகக் கைகளால் துழாவி வெளியேறுங்கள். உயிர்காவலர்கள் இருப்பது சில கடற்கரைகளில் மட்டுமே. தயவுசெய்து தனியாகப் போகாதீர்கள்.

போன மாதம் நல்ல அலை கிடைத்த இடத்துக்கே கண்ணை மூடிக்கொண்டு போவதும் வீண். ஒரே புயலில் மணல்மேடு இடம் மாறிவிடும். இறங்குமுன் இருபது நிமிடம் கரையில் நின்று பாருங்கள்.

அப்புறம் காற்று. ஹட்டராஸ் முனையில் கரை திரும்புகிறது: பக்ஸ்டன் ஊர்க் கடற்கரை கிழக்கே பார்க்கும், ஃப்ரிஸ்கோ ஊர்க் கடற்கரை தெற்கே பார்க்கும். வடகிழக்குக் காற்றில் பக்ஸ்டன் கலங்கிக் கிடக்கும்போது, சில மைல் தள்ளி ஃப்ரிஸ்கோவில் அலை வழவழப்பாக இருக்கலாம். முனையின் இருபுறமும் நீரின் குளிர்ச்சிகூட வேறுபடும். வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) எப்போதும் காரில் தயாராக இருக்கட்டும்.

தீவிலுள்ள ரோடாந்தே ஊரில் கூடுதல் கவனம் வேண்டும். 2020க்குப் பிறகு அங்கே பல வீடுகள் கடலில் சரிந்துள்ளன. ஆணி அடித்த பலகைகள் அலையில் மிதந்து வரும்.

மணலில் வண்டி ஓட்டப் பூங்காவின் அனுமதிச் சீட்டு வேண்டும். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்காமல் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். தீவின் ஒரே நெடுஞ்சாலையான 12ஆம் எண் சாலையையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அலை பெரிதாக வரும் நாளில்தான் கடல்நீர் அதன் மேல் ஏறும்.