தைரொயிட் கட்டியில் கீ-67, சீடி34 பார்க்கும்போது விடும் பிழைகள்

கீ-67 பெருகும் கலங்களையும், சீடி34 இரத்தக்குழாய்ச் சுவரையும் அன்டிபொடியால் பழுப்பு நிறமேற்றிக் காட்டும் சோதனைகள். ஆய்வுகூடப் பயிற்சிக்கு வரும் தம்பி தங்கச்சிமார் ஒவ்வொரு வருடமும் அதே பிழைகளைத்தான் விடுகிறார்கள். சிலைட் இலக்கம் மாறுவது, அன்டிபொடி காலாவதியாவது எல்லாம் எப்படியும் பிடிபடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போமலின்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். வன்னி வெக்கையில், வெட்டியெடுத்த சுரப்பி மேசையில் கிடந்தால் கலங்கள் தாமாகவே சிதையத் தொடங்கிவிடும். ஒருமுறை ஏ9 வீதியால் ஒரு போத்தல் வந்தது. ஒடுங்கிய வாய்க்குள்ளால் தைரொயிட்டின் ஒரு பக்கத்து முழு மடலையும் திணித்து, அடி நனைய மட்டும், இழையம் சிதையாமல் காக்கும் போமலின் ஊற்றியிருந்தார்கள். வெட்டினால் விளிம்பு சாம்பல் நிறமாய் இறுகியிருக்கிறது. நடு இன்னும் சிவந்து கொழகொழவென்று கிடக்கிறது. போமலின் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் ஊறும், பிறகு எப்படி நடுவுக்குப் போகும்?

கீ-67 என்பது கலம் பெருகும் சுற்றில் இருக்கையில் கருவில் தோன்றும் புரதம்; ஓய்ந்திருக்கும் கலத்தில் இராது. அந்த மடலை மெழுகில் பதித்த புளொக்கில் விளிம்பில் பழுப்புக் கருக்கள், நடுவில் ஒன்றுமில்லை. பயிற்சிக்கு வந்தவர் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து, ‘பெருக்கம் குறைவு’ என்று எழுதிக்கொண்டு வந்தார். உண்மையில் குறைந்திருந்தது போமலின். அந்த மடலை நோயாளியிடமிருந்து இன்னொரு முறை எடுக்க முடியுமா?

அகன்ற வாய்ப் போத்தல், இழையத்தின் கனவளவைப் போல் குறைந்தது 10 மடங்கு போமலின். பெரிய மடலென்றால், அனுப்புமுன் நோயியல் பிரிவுக்கு அழைத்து எங்கே வெட்டுவது என்று கேளுங்கள். கண்டபடி கீறினால் கட்டியின் உறையைப் பார்க்க முடியாமல் போகும். சிலைட்டில் நடுப்பகுதி இரத்தக்குழாய்களே சீடி34 நிறம் ஏற்கவில்லையென்றால், அங்கே இழையமே கெட்டிருக்கிறது; கீ-67 பூச்சியம் என்று எழுத வேண்டாம்.

நிணக்கலங்கள்

ஹஷிமோட்டோ (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்கும் நோய்) உள்ள சுரப்பியில் நிணக்கல முளைமையங்கள் கீ-67இல் பளிச்சென்று தெரியும். அவற்றைக் கட்டிக் கலங்களோடு எண்ணாதீர்கள்.

ஊசி போன தடம்

ஊசியால் கலம் எடுத்த இடத்தில் புதுக் குழாய்களும் பெருகும் கலங்களும் இருக்கும். அது புண் ஆறுவது.

குழாய் எண்ணிக்கை

குழாய்கள் அடர்ந்த இடத்தைத் தேடி எண்ணும் முறை 1991இல் மார்பகப் புற்றுநோய்க்கு வைட்னர் குழுவினர் செய்தது. தைரொயிட்டில் ஹோர்மோன் சுரக்கும் சிறு பைகளான சாதாரண பொலிக்கிள்களைச் சுற்றியே மயிர்த்துளைக் குழாய் வலை இருக்கிறது. சீடி34 பழையது புதியது எல்லாவற்றையும் காட்டும். புதிதாய் வளரும் குழாய்தான் வேண்டுமென்றால் சீடி105 என்ற இன்னொரு அன்டிபொடிச் சோதனை பொருத்தம்.

மென்சவ்வில் பழுப்பு

ஹயலினைசிங் டிரபெகியூலர் கட்டி என்ற அரிதான தைரொயிட் கட்டியில், கீ-67ஐக் காட்டும் அன்டிபொடியான மிப்-1 கருவை விட்டுக் கலத்தின் மென்சவ்வில் ஏறும். அது பெருக்கமல்ல; அந்தக் கட்டியின் அடையாளம்.

புற்றா இல்லையா

புற்றல்லாத பொலிகியூலர் அடினோமாவா, புற்றான பொலிகியூலர் கார்சினோமாவா என்பதை உறையையோ இரத்தக்குழாயையோ ஊடுருவியதா என்பதுதான் தீர்மானிக்கும். கீ-67 வீதம் அதைச் சொல்லாது. தைரொயிட்டின் இன்னொரு வகைப் புற்றான மெடுலரி கார்சினோமாவில் கதை வேறு: 2022 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் கீ-67 5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால், அது உயர்தரம் (கூடத் தீவிரமானது) என்று வகுக்கப் போதுமான அளவுகோல்களில் ஒன்று.