சோலார் விற்பனை வேலைக்கு வருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், நல்ல உச்சி வெயில் நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் அம்மா போன் செய்தார். "தம்பி, தெருவுல கரண்ட் போயிடுச்சு. வெயில் இப்படிக் கொளுத்துது, கூரையில பத்து பேனல் இருக்கு, எங்க வீட்டு ஃபேன் மட்டும் ஏன் சுத்தல?" கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு, அதாவது தெருவில் வரும் பொது மின் லைனோடு, இணைக்கும் சாதாரண அமைப்பில், வெளியே கரண்ட் போனதும் பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறவரின் உயிரைக் காப்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். இது எனக்குத் தெரியும். விற்கும்போது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த வேலையில் பெரிய தவறுகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டதில்தான் இருக்கின்றன. நாம் விற்கிற பொருள் ஒரு கூரை மேல் 25 வருடம் உட்கார்ந்திருக்கப் போகிறது. நாம் சொன்ன கணக்கை ஒவ்வொரு மாத பில்லும் சரிபார்க்கும்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது கிலோவாட்டுக்கும் யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். 5 கிலோவாட் என்பது அமைப்பின் திறன். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அது எத்தனை யூனிட் தரும் என்பது வெயிலைப் பொறுத்தது. பகல் 12 மணி நேரம், ஆகவே 60 யூனிட் என்று ஒரு புதுப் பையன் வாடிக்கையாளர் முன்னாலேயே பெருக்கிச் சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். காலை வெயிலும் மாலை வெயிலும் உச்சி வெயிலும் ஒன்றில்லை. ஒரு நாள் முழுவதும் விழுகிற வெயிலை முழு வெயிலாகச் சுருக்கிக் கணக்கிட்டால், பெரும்பாலான இடங்களில் வருடச் சராசரி 3 முதல் 6 மணி நேரத்துக்குள்தான் வரும். 5 மணி நேரம் என்றே வைத்துக்கொண்டாலும் 25 யூனிட். அதிலும் சூடு, தூசி, கம்பி, இன்வெர்ட்டர் என்று ஐந்தில் ஒரு பங்கு போனால் கையில் நிற்பது 20. அறுபதை நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்கு இருபது வந்தால் அவர் நம்மை என்னவென்று நினைப்பார்?

வெயில் அதிகம் என்றால் உற்பத்தியும் அதிகம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதும் இதே வகைதான். பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட், ஆய்வகத்தில் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. கடும் வெயிலில் கூரை மேல் அது 60 டிகிரியைக்கூடத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். 35 டிகிரி கூடினால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கோடையில் உங்களுக்குப் புகார் போன் வராது.

அடுத்தது நிழல். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்துக் கொட்டேஷன் போடுவது இப்போது சுலபமாகிவிட்டது. படம் எடுத்த நேரத்தில் சூரியன் எங்கே இருந்தது, பக்கத்து மரம் அதற்குப் பிறகு எவ்வளவு வளர்ந்தது என்பதெல்லாம் அதில் தெரியாது. ஒரு வீட்டில் நான் காலை பத்து மணிக்குக் கூரை ஏறிப் பார்த்தேன். துளி நிழல் இல்லை. வேலை முடிந்த பிறகு ஒருநாள் மாலை மூன்று மணிக்குப் போனால், பக்கத்துக் கட்டடத்தின் நிழல் கோணலாக விழுந்து மூன்று பேனல்களின் கீழ்ப்பாதியை மூடியிருந்தது. பாதிதானே என்று தோன்றும். ஆனால் பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருப்பதால், நிழல் விழுந்த செல் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் பிடித்து நிறுத்தும். வழக்கமாக ஒரு பேனலில் மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும். அவை நிழல்பட்ட பகுதியைத் தாண்டிப் போக உதவும் என்றாலும் அந்தப் பகுதியின் உற்பத்தி போனது போனதுதான். அன்றிலிருந்து சைட் விசிட் போனால் காலை, மதியம், மாலை மூன்று நேரத்து நிழலையும் கணக்கில் எடுக்கிறேன். நேரில் பார்க்க முடியாத நேரத்துக்கு வீட்டுக்காரரிடமே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும், நிழல் நீளும். அதையும் மறக்கக் கூடாது.

கூரையின் வயதையும் கேளுங்கள். இன்னும் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய கூரை என்றால் முதலில் கூரை, அப்புறம்தான் சோலார். அந்த மாத டார்கெட் போகும்தான். போகட்டும்.

"25 வருட வாரண்டி" என்று ஒரே வரியில் சொல்லி முடிக்காதீர்கள். பெரும்பாலும் அது பேனலின் உற்பத்தித் திறனுக்கான வாரண்டி, அதாவது வருடா வருடம் கொஞ்சம் குறைந்தாலும் இவ்வளவுக்குக் கீழே போகாது என்ற உறுதி. பேனலே பழுதானால் மாற்றித் தரும் வாரண்டி தனி, இன்வெர்ட்டருக்குத் தனி, பொருத்திய வேலைக்குத் தனி. இன்வெர்ட்டரை அந்த 25 வருடத்தில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக் காட்டுங்கள்.

வீட்டுத் தேவை போக மிஞ்சி கிரிட்டுக்கு அனுப்பும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு என்றும் இப்படியே இருக்கும் என்று வாக்குக் கொடுப்பது இன்னொரு தவறு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரல் நடுவுக்குப் பிறகு புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு அந்த மதிப்பு வெகுவாகக் குறைந்தது. பழைய கொட்டேஷனை அப்படியே நகல் எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிற பழக்கம் எவ்வளவு ஆபத்து என்பது இதிலேயே தெரியும். விதி மாறினால் மொத்தக் கணக்கும் மாறும்.

"இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை" என்று நெருக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும். வேண்டாம். வீட்டுக்கே வந்து போட்ட ஒப்பந்தத்தைச் சில நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையைப் பல நாடுகளின் சட்டம் வாடிக்கையாளருக்குத் தருகிறது. அவசரப்படுத்தி வாங்கிய கையெழுத்து அந்த நாட்களுக்குள்ளேயே திரும்பிப் போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்கள் வருமானத்திலும் கவனம் வேண்டும். சேருவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கமிஷன் எப்போது வரும்? கையெழுத்தானதுமா, பேனல் ஏறிய பிறகா, கிரிட் இணைப்பு கிடைத்த பிறகா? ஆர்டர் ரத்தானால் கொடுத்ததைப் பிடித்துக்கொள்வார்களா? நிலையான சம்பளம் உண்டா? கையெழுத்துக்கும் இணைப்புக்கும் நடுவில் அனுமதி, ஆய்வு என்று வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஓடும். முதல் மாதம் ஐந்து ஆர்டர் பிடித்த சந்தோஷத்தில் செலவு செய்துவிட்டு, மூன்றாவது மாதம் கையில் எதுவுமில்லாமல் வேலையை விட்டுப் போனவர்கள் என்னுடன் இருந்தவர்களிலேயே உண்டு. நல்ல பேச்சாளர்கள். யாராவது முன்பே சொல்லியிருந்தால் தாக்குப்பிடித்திருப்பார்கள்.

அந்தக் காத்திருப்பு மாதங்களில் நாம் போனை எடுக்காமல் இருப்பதுதான் வாடிக்கையாளருக்கு எல்லாவற்றையும்விடக் கசக்கும். பணம் கட்டியாயிற்று, கூரையில் ஒன்றும் வரவில்லை, பேசின ஆளையும் காணோம். சொல்லப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை நானே கூப்பிட்டு, "இன்னும் அனுமதி வரவில்லை, அடுத்த வாரம் மறுபடி பேசுகிறேன்" என்று சொல்லிவிடுவேன். இணைப்புக் கிடைத்தபின் முதல் பில் வருகிற தேதியையும் குறித்து வைத்திருப்பேன். அன்று பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வரிவரியாகப் படிப்போம். நான் சொன்ன யூனிட்டும் வந்த யூனிட்டும் ஒத்துப்போனால், பெரும்பாலும் அந்த உரையாடலிலேயே அவருடைய அண்ணன் வீட்டு நம்பரோ ஆபீஸ் நண்பர் நம்பரோ கிடைத்துவிடும்.