இது தங்கம்தானா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

பழைய பெட்டியைக் கிளறும்போது ஒரு மோதிரம் கிடைக்கிறது. யாருடையது, எப்போது வாங்கியது, ஒன்றும் தெரியாது. தங்கமா, கவரிங்கா? இணையத்தில் தேடினால் காந்தம், வினிகர், ஐஸ் கட்டி, பற்பசை என்று இருபது வழிகள் வந்து விழும். அவற்றில் பாதி வீண்வேலை. சில நகையையே கெடுத்துவிடும். உருப்படியானவை மூன்றுதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சோதனையில் ஒரு நகை தோற்றால் அது போலி என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் தேறிவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தேவையானவை

பூதக்கண்ணாடி (இல்லையென்றால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்), நியோடிமியம் காந்தம் (சிறியதாக இருந்தாலும் மிக வலுவாக இழுக்கும் வகை), 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர், தையல் நூல், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. சமையலறைத் தராசு பெரும்பாலும் 1 கிராம் துல்லியம்தான் காட்டும், அது இந்த வேலைக்கு ஆகாது.

நகையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, காயவிட்டுத் தொடங்குங்கள். இடுக்குகளில் சேர்ந்த அழுக்கு எடையையும் ஏமாற்றும், கண்ணையும் ஏமாற்றும்.

படி 1: உற்றுப் பாருங்கள்

மோதிரத்தின் உள்வளையம், சங்கிலியின் கொக்கி, கம்மலின் தண்டு ஆகிய இடங்களில் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று இலக்க எண் இருந்தால், ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்று அது சொல்கிறது. 999 என்றால் 24 காரட், 916 என்றால் 22, 750 என்றால் 18, 585 என்றால் 14, 375 என்றால் 9. கணக்கு எளிது: 22ஐ 24ஆல் வகுத்தால் 0.916 வரும்.

எண்ணுக்குப் பதிலாக ஜி.பி., ஜி.இ.பி., எச்.ஜி.இ. போன்ற எழுத்துகள் இருந்தால் அது முலாம் பூசியது. ஜி.எஃப். என்றிருந்தால் வேறு உலோகத்தின் மேல் தங்கத் தகடு போர்த்தியது. செய்தவரே ஒப்புக்கொண்ட பிறகு மேற்கொண்டு சோதனை எதற்கு!

ஆனால் முத்திரை குத்த ஓர் அச்சு போதும். போலி நகையிலும் 916 என்று குத்தலாம். அதனால் நான் முத்திரையைவிடத் தேய்ந்த இடங்களைத்தான் அதிகம் நம்புவேன். சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடம், மோதிரத்தின் அடிப்பக்கம், வளையலின் விளிம்பு, கம்மலின் திருகாணி. முலாம் முதலில் போவது அங்கேதான். மேலே மஞ்சளாகவும் தேய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ செம்பு நிறமாகவோ தெரிந்தால் விஷயம் முடிந்தது. பச்சைப் பாசி போல ஏதேனும் படிந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். செம்பும் பித்தளையும் அப்படித்தான் பூத்துப்போகும்.

தோல் கறுத்தால் போலி என்று சொல்வார்கள். அதை அப்படியே ஏற்க வேண்டாம். தங்கத்தோடு கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும் வியர்வை, முகப்பூச்சு பட்டுக் கறையை விடக்கூடும்.

படி 2: காந்தம்

தங்கம் காந்தத்தில் ஒட்டாது. அதோடு கலக்கும் செம்பு, வெள்ளி, துத்தநாகமும் ஒட்டாது. நகையை நூலில் தொங்கவிட்டு, அசைவு நின்ற பிறகு காந்தத்தை மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். கையில் பிடித்துப் பார்ப்பதைவிட இப்படிச் செய்தால் சிறிய ஈர்ப்பும் தெரியும். பளிச்சென்று இழுக்கப்பட்டால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு: அசல் தங்கச் சங்கிலியிலும் கொக்கிக்குள் சிறிய எஃகு சுருள்வில் இருக்கலாம். கொக்கி மட்டும் ஒட்டினால் பதற வேண்டாம்.

ஒட்டவில்லை என்பதற்காக மகிழவும் வேண்டாம். பித்தளை, செம்பு, ஈயம், வெள்ளி எதுவும்தான் ஒட்டாது. கவரிங் நகைகள் பெரும்பாலும் செம்பிலோ பித்தளையிலோ செய்யப்படுவதால் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும்.

படி 3: அடர்த்தி – இதற்குத்தான் தராசு

வீட்டில் செய்யக்கூடியவற்றில் ஓர் எண்ணைக் கையில் தருவது இது ஒன்றுதான். தங்கம் மிகக் கனமான உலோகம். ஒரு கன செ.மீ. தூய தங்கம் 19.3 கிராம் இருக்கும். அதே அளவு ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு 8.9, பித்தளை சுமார் 8.5 கிராம்தான். நிறத்தைப் பூசிவிடலாம், கனத்தைப் பூச முடியாது.

1. நகையை உலர்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம் கலந்து, தராசின் மேல் வையுங்கள். டேர் பொத்தானை அழுத்தி 0.00 ஆக்குங்கள். டம்ளரும் தண்ணீரும் சேர்ந்து தராசின் உச்ச எடையைத் தாண்டிவிடக் கூடாது. நகைத் தராசு பல 200 கிராமோடு நின்றுவிடும்.

3. நகையை நூலில் கட்டி, முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. கை நடுங்கினால் நூலை ஒரு குச்சியில் கட்டி, தராசுக்கு இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, குச்சியை அவற்றின் மேல் வைத்துவிடுங்கள்.

4. இப்போது தராசு காட்டும் எண்ணைக் குறியுங்கள். நகை இடம்பெயர்த்த நீரின் எடை அது. ஒரு கிராம் நீர் ஏறத்தாழ ஒரு கன செ.மீ. என்பதால் நகையின் கன அளவும் அதுவே.

5. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுங்கள்.

நான் முதன்முதலில் செய்தபோது மோதிரத்தின் அடர்த்தி 1 என்று வந்தது. தண்ணீரின் அடர்த்தி! மோதிரம் டம்ளரின் அடியில் உட்கார்ந்துவிட்டிருந்தது. அதன் முழு எடையையும் தராசே தாங்கிக் காட்டியிருந்தது. இரண்டாம் முறை காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு 14 என்று காட்டின. மூன்றாம் முறைதான் ஒழுங்காக வந்தது: 8.46 கிராம் மோதிரம், நீரில் 0.48. வகுத்தால் 17.6. சோப்புச் சொட்டு எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. அது நீரை இடுக்குகளுக்குள் புகவிட்டுக் குமிழ்களைக் கழற்றிவிடுகிறது.

விடையை இப்படிப் படியுங்கள். 24 காரட் 19.3க்கு அருகில் வரும். 22 காரட் 17.6 முதல் 18 வரை, 18 காரட் சுமார் 15 முதல் 16, 14 காரட் 13 முதல் 14.3, 9 காரட் 11 முதல் 12.7. ஒரே காரட்டுக்குள் இந்த வித்தியாசம், கலந்தது செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்தது. வெள்ளைத் தங்கத்தில் வேறு உலோகங்கள் கலப்பதால் இந்த எல்லைகளை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். மஞ்சள் நகை ஒன்று 8, 9 என்று காட்டினால் அது பித்தளையோ செம்போதான்.

சிறிய நகையில் இந்த முறை தடுமாறும். 2 கிராம் கம்மல் 22 காரட்டாக இருந்தால் நீரில் 0.11 காட்டும். தராசு இரண்டு புள்ளி தவறி 0.13 என்று காட்டினாலே விடை 15.4 ஆகி, 18 காரட் போலத் தோன்றிவிடும். 5 கிராமுக்குக் கீழே உள்ளவற்றுக்கு விடையைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல் பதித்தவை, உள்ளே அரக்கு நிரப்பியவை, காற்று அடைபட்ட வெற்றுக்குழாய் வளையல்கள் ஆகியவற்றுக்கு இது பயன்படாது. அசலாகவே இருந்தாலும் எண் குறைவாகத்தான் வரும்.

இந்தச் சோதனையையும் ஏமாற்றும் உலோகம் ஒன்று உண்டு: டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25. தங்கத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆனால் அது மிகக் கடினமானது, 3400 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். நுணுக்கமான நகை செய்ய அது வளைந்துகொடுக்காது. எனவே இந்தக் கவலை தங்கக் கட்டி, நாணயம் வாங்குவோருக்குத்தான்.

செய்யக் கூடாதவை

கடித்துப் பார்ப்பது: ஈயமும் மென்மையானதுதான், பல் தடம் அதிலும் விழும். பல் போனதுதான் மிச்சம்.

நீரில் போட்டு மூழ்குகிறதா என்று பார்ப்பது: இரும்பாணியும் மூழ்கும்.

ஐஸ் கட்டி: தங்கத்தின் மேல் வேகமாக உருகும் என்பது உண்மை. செம்பிலும் வெள்ளியிலும் இன்னும் வேகமாக உருகும் என்பதும் உண்மை.

வினிகர்: மேலே முலாம் நன்றாக இருந்தால் ஒரு மாற்றமும் தெரியாது. நகையில் முத்தோ பவளமோ இருந்தால் அவைதான் அரிக்கப்படும். பிளீச்சை நகையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், குளோரின் தங்கக் கலவையைத் தாக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயுவே வரும்.

நெருப்பில் காட்டுவது: தூய தங்கம் கறுக்காது, ஆனால் நகையில் இருக்கும் செம்பு கறுக்கும். பற்றவைத்து ஒட்டிய இடம் விட்டுப்போகலாம், கல் வெடிக்கலாம்.

மெருகு பூசாத ஓட்டில் உரசுவது: ஆற்று மணலில் கிடைத்த மஞ்சள் துணுக்குக்கு இது நல்ல சோதனை. பைரைட் (தங்கம் போல மின்னும் ஒரு கனிமம்) என்றால் கறுப்புக் கோடு விழும், தங்கம் என்றால் மஞ்சள் கோடு. நகைக்கு வேண்டாம், முலாமும் மஞ்சளாகத்தான் கோடு போடும், கீறல் மட்டும் உங்களுக்கு. பொற்கொல்லரின் உரைகல் வேறு கதை. மாற்று, அதாவது தூய்மை அளவு, தெரிந்த தங்கத்தை அருகிலேயே உரைத்து, இரு கோடுகளையும் ஒப்பிட்டு, அமிலம் விட்டுப் பார்க்கும் பழகிய கண் அதற்கு வேண்டும். நைட்ரிக் அமிலத்தை வீட்டில் கையாளும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து என்ன?

விற்கவோ அடகு வைக்கவோ போகிறீர்கள் என்றால் மதிப்பீட்டு மையத்தில் எக்ஸ்ரே கருவியில் காட்டுங்கள். நகைக்குச் சேதம் இல்லை, சில நொடிகளில் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். ஆனால் அந்தக் கருவி மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிய ஆழம் வரைதான் பார்க்கும். தடித்த முலாம் அதையும் ஏமாற்றக்கூடும். உங்கள் தராசுச் சோதனையோ நகையை உள்ளும் புறமுமாகச் சேர்த்து அளந்தது. போகும்போது அந்த எண்ணைக் குறித்த தாளையும் கொண்டுபோங்கள். கருவி 916 என்று சொல்லி, உங்கள் தாளில் 12 என்று இருந்தால், உள்ளே கல்லோ அரக்கோ காற்றோ இல்லாத பட்சத்தில், ஓரிடத்தில் லேசாகச் சுரண்டி அந்த இடத்தை மறுபடி காட்டச் சொல்லுங்கள்.