1664, 1857: பீர் லேபிளில் இருக்கும் ஆண்டை வைத்து வரலாறு பேசாதீர்கள்

பீர் பிராண்டுகளின் கதை பேசும்போது புதுச்சேரியில் நிறைய பேர் சறுக்குவது ஆண்டுக் கணக்கில்தான். க்ரோனென்பர்க் 1664 என்ற பிரெஞ்சு பீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1664 என்று பார்த்ததும், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதும் அதே ஆண்டுதானே என்று மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு, புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவிய பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே வந்தபோது கப்பலில் இந்தப் பீப்பாயும் வந்திருக்கும் என்கிற அளவுக்குப் போய்விடுகிறார்கள். ஜெரோம் ஹாட் என்பவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் பீர் ஆலை தொடங்கிய ஆண்டு அது, அவ்வளவுதான். ‘1664’ என்ற பெயரில் பீர் கடைக்கு வந்ததே 1952இல். இன்னொரு வேடிக்கை, 1664இல் ஸ்ட்ராஸ்பர்க் பிரான்சிலேயே இல்லை. பதினான்காம் லூயி அதைப் பிடித்தது 1681இல்தான். 2008இலிருந்து அந்தக் கம்பெனி டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் கையில் இருக்கிறது.

கிங்ஃபிஷருக்கும் இதே கதிதான். 1857 என்று சொல்வார்கள். அது நீலகிரிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நடத்திய காசில் ப்ரூவரியின் வயது. அதையும் சேர்த்து ஐந்து ஆலைகளை இணைத்து, தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கினார், விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநராக வந்தது 1947இல், நாம் இன்று பார்க்கும் கிங்ஃபிஷர் சந்தையில் இறங்கியதோ 1978இல். ஆலைக்கு ஒரு வயது, கம்பெனிக்கு ஒரு வயது, பிராண்டுக்கு ஒரு வயது. லேபிள்காரர்கள் எப்போதும் இருப்பதிலேயே பழையதைத்தான் போடுவார்கள், அது அவர்கள் தொழில்.

‘புதுச்சேரியில் அலமாரி நிறைய கிடைக்கிற பிராண்ட் கடலூர் கடையில் இல்லை, அப்போ அது படுத்துவிட்டது’ என்று முடிவு கட்டுவதும் தப்பு. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் கலால் சட்டம் வேறு, வரி வேறு. அந்தப் பக்கம் எதை வாங்கி விற்பது என்று டாஸ்மாக் முடிவு செய்கிறது, இந்தப் பக்கம் உரிமம் பெற்ற தனியார் கடைக்காரர்கள் முடிவு செய்கிறார்கள். பீர் விஷயத்தில் இந்தியாவுக்குள் ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு மாதிரி. பெரிய கம்பெனிகள் மாநிலத்துக்கு மாநிலம் ஆலை வைத்திருப்பதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்.

சரி, நம்ம ஊர் பிராண்டுகளின் வெளிநாட்டு வளர்ச்சிக்கு வருவோம். இங்கேதான் கற்பனை அதிகம். ‘ஐம்பது நாடுகளில் விற்கிறது’ என்றால் பெங்களூரிலிருந்து ஐம்பது நாடுகளுக்குக் கப்பல் போகிறது என்று அர்த்தமில்லை. பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர், கண்ணாடி பாட்டில் கனம், வெயிலும் வெளிச்சமும் பட்டால் ருசி கெட்டுவிடும், இதையெல்லாம் கடல் தாண்டி அனுப்புவதைவிட அந்த ஊர் ஆலைக்கே உரிமம் கொடுத்துக் காய்ச்சச் சொல்வது லாபம். பிரிட்டனில் விற்ற கிங்ஃபிஷரைப் பல வருடம் காய்ச்சியது கெண்ட் பகுதியில் ஃபேவர்ஷம் என்ற ஊரின் ஷெப்பர்ட் நீம் ஆலை. லண்டனில் இருக்கும் மாமா ‘நம்ம ஊர் பீர்’ என்று ஆசையாகக் குடித்தது பெரும்பாலும் இங்கிலாந்துத் தண்ணீர்தான். அதோடு அங்கே அது கால் ஊன்றியது ஐரோப்பிய பீர்களோடு நேருக்கு நேர் மோதி அல்ல, இந்திய உணவகங்களின் மேசை வழியாக. கோப்ரா பீரின் கதை இதைவிடச் சுவாரசியம். கரண் பிலிமோரியா 1989இல் பிரிட்டனில் தொடங்கினார், முதலில் பெங்களூரில் காய்ச்சிக் கப்பலில் கொண்டுபோனார், அப்புறம் 1990களிலேயே உற்பத்தியையும் இங்கிலாந்துக்கே மாற்றிவிட்டார்கள். பெயரையும் படத்தையும் பார்த்து ஊரைச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

‘கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் மூழ்கியது, பீரும் போச்சு’ என்பது கடைசி ரகம். 2005இல் பறக்கத் தொடங்கி 2012இல் தரையிறங்கிய விமானக் கம்பெனி வேறு, பீர் கம்பெனி வேறு. பெயரும் முதலாளியும்தான் பொது. 2008இல் நெதர்லாந்தின் ஹைனெகனும் கார்ல்ஸ்பெர்க்கும் சேர்ந்து ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாஸில் என்ற பிரிட்டிஷ் பீர் கம்பெனியை வாங்கியபோது, அதன் கையில் இருந்த யுனைடெட் ப்ரூவரீஸ் பங்கு 37.5 சதவீதம் ஹைனெகனிடம் போனது. விட்டலின் மகன் விஜய் மல்லையாவின் கடனை வசூலிக்க முடக்கி வைத்திருந்த பங்குகளில் ஒரு பகுதியையும் 2021 ஜூனில் வாங்கியதும் அது 61.5 சதவீதம் ஆனது. அன்றிலிருந்து கிங்ஃபிஷரின் முதலாளி ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறார்.