விரும்பிய மீடியா பிளேயரை மீண்டும் டீஃபால்ட் ஆக்குவது எப்படி?

வழக்கம்போல ஒரு வீடியோ கோப்பை இரட்டைக் கிளிக் செய்கிறீர்கள். நேற்றுவரை விஎல்சி பிளேயரில் திறந்த அதே கோப்பு, இன்று வேறொரு செயலியில் திறக்கிறது. சப்டைட்டில் தெரியவில்லை, சில கோப்புகளில் ஒலி மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. விஎல்சி அழிந்துவிட்டதோ என்று தேடிப் பார்த்தால், அது ஸ்டார்ட் மெனுவில் தன் ஆரஞ்சு நிறக் கூம்புடன் பத்திரமாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் புதுப்பிக்கப்பட்ட பிறகோ, வீடியோ மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிய பிறகோ இந்த நிலை பெரும்பாலும் ஏற்படுகிறது. இதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். கணினியைப் பற்றி ஆழமான அறிவு எதுவும் தேவையில்லை. இந்தக் கட்டுரையில் விஎல்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். நீங்கள் விரும்புவது வேறு பிளேயராக இருந்தால், விஎல்சி என்று வரும் இடங்களில் அதன் பெயரை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செயலி திறக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

செய்முறைக்குள் போவதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. அது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 'இந்தக் கணினிக்கு இதுதான் பிளேயர்' என்ற ஒரே ஒரு முடிவு விண்டோஸில் எங்கும் பதிவாவதில்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால், புள்ளியை அடுத்து வரும் பின்னொட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு செயலி குறித்துவைக்கப்படுகிறது. எம்பி4 கோப்புக்கு ஒன்று, எம்கேவி கோப்புக்கு ஒன்று, எம்பி3 கோப்புக்கு ஒன்று. ஆகவே ஒரு வகைக் கோப்பு விஎல்சியிலும் இன்னொரு வகைக் கோப்பு வேறு பிளேயரிலும் திறப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அவை இரண்டும் இரண்டு தனி முடிவுகள்.

இப்படி ஒரு வகைக் கோப்பை வழக்கமாகத் திறப்பதற்கென்று குறித்துவைக்கப்பட்ட செயலியைத்தான் 'டீஃபால்ட்' என்கிறோம். அப்படியானால் விஎல்சியே தன்னை டீஃபால்ட் ஆக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அது முடிந்தது. நிறுவும்போதே ஒவ்வொரு பிளேயரும் எல்லாப் பின்னொட்டுகளையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். அடுத்த பிளேயர் வந்ததும் அது பிடுங்கிக்கொள்ளும். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் அந்த வழி அடைக்கப்பட்டது. பயனர் தம் கையால் தேர்ந்தெடுத்த முடிவை விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் ('ரெஜிஸ்ட்ரி') எழுதி, அதனுடன் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டையும் சேர்த்து வைக்கிறது. வேறொரு மென்பொருள் குறுக்கே புகுந்து அந்தப் பதிவைத் திருத்தினால் குறியீடு பொருந்தாமல் போகும். உடனே விண்டோஸ் சந்தேகப்பட்டு, அந்தப் பின்னொட்டைத் தன்னுடைய சொந்தச் செயலிக்கே திருப்பிவிடும். திரையின் வலது மூலையில் 'ஆன் ஆப் டீஃபால்ட் வாஸ் ரீசெட்' என்ற அறிவிப்பு எப்போதாவது எட்டிப் பார்த்திருந்தால், நடந்தது இதுதான். காவல்காரர் திருடனைத் துரத்தியது சரி, ஆனால் சாவியை வீட்டுக்காரரிடம் தராமல் தானே வைத்துக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும், முடிவை மாற்றும் முறையான வழி நாமே செட்டிங்ஸுக்குள் போய் மாற்றுவதுதான்.

உடன் வரும் பிளேயருக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று வியப்பவர்களுக்கு ஒரு சிறு தகவல்: விண்டோஸுடன் மீடியா பிளேயரைச் சேர்த்தே விற்றது போட்டியைக் கெடுக்கிறது என்று ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் தீர்ப்பளித்தது; மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு அப்போது 49.7 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. பிளேயர் இல்லாத விண்டோஸ் 'என்' பதிப்புகள் அதன் விளைவாகவே பிறந்தன.

படி 1: பின்னொட்டைக் கண்ணுக்குத் தெரியவையுங்கள்

விண்டோஸ் வழக்கமாகப் பின்னொட்டை மறைத்தே காட்டும். 'பயணம்' என்று மட்டும் தெரியும் கோப்பு எம்பி4 கோப்பா, எம்கேவி கோப்பா என்று தெரியாமல் எதை மாற்றுவது? விண்டோஸ் 11-இல் ஏதாவது ஒரு கோப்புறையைத் திறந்து, மேலே உள்ள 'வியூ' மெனுவில் 'ஷோ' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் 'வியூ' பட்டையிலேயே அதே பெயரில் ஒரு கட்டம் இருக்கும்; அதில் டிக் செய்தால் போதும். இனி உங்கள் வீடியோக்களும் பாடல்களும் உள்ள கோப்புறைகளை ஒருமுறை பார்த்து, எந்தெந்தப் பின்னொட்டுகள் வருகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி, எம்பி3, எம்4ஏ ஆகிய ஆறைத் தாண்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்னொட்டு கண்ணில் பட்டதும் அதை அழித்து வேறொன்றாக மாற்றிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். அப்படிச் செய்வதால் கோப்பின் உள்ளடக்கம் மாறுவதில்லை. புத்தகத்தின் அட்டையை மட்டும் மாற்றுவது போன்றது அது. தவறுதலாக மாற்றிவிட்டால், உடனே கண்ட்ரோல் விசையுடன் 'இசட்' விசையை அழுத்தினால் பழைய பெயர் திரும்பிவிடும்.

படி 2: பிளேயர் முழுமையாக நிறுவப்பட்டிருக்கிறதா?

ஸ்டார்ட் மெனுவில் பிளேயரின் பெயரைத் தட்டச்சு செய்து, அதை நேரடியாகத் திறந்து, ஒரு வீடியோவை அதற்குள் இழுத்துப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் அடுத்த படிக்குச் செல்லலாம். திறக்கவே மறுத்தால், அதை நீக்கிவிட்டு, அந்தப் பிளேயரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே மீண்டும் பதிவிறக்கி நிறுவுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் வழியாக வரும் நிறுவியோடு வேண்டாத மென்பொருள்களும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும்.

படி 3: கோப்பிலிருந்தே மாற்றுதல்

ஒன்றிரண்டு பின்னொட்டுகளை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் இதுவே எளிய வழி. ஓர் எம்பி4 கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'ஓபன் வித்' என்பதில் 'சூஸ் அனதர் ஆப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். செயலிகளின் பட்டியல் ஒன்று தோன்றும். அதில் விஎல்சியை ஒருமுறை கிளிக் செய்த பிறகு, விண்டோஸ் 11-இல் கீழே 'ஆல்வேஸ்', 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். அழுத்த வேண்டியது 'ஆல்வேஸ்'. விண்டோஸ் 10-இல் இந்தப் பொத்தான்களுக்குப் பதிலாக, 'ஆல்வேஸ் யூஸ் திஸ் ஆப்' என்று தொடங்கும் வரிக்கு முன்னால் ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் டிக் செய்துவிட்டு 'ஓகே' கொடுக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இந்தக் கட்டம்தான். டிக் செய்யாமல் 'ஓகே' கொடுத்தால் வீடியோ அப்போதைக்கு விஎல்சியில் ஓடும். வேலை முடிந்தது என்று நம்பிவிடுவோம். அடுத்த முறை பழைய கதைதான்.

பட்டியலில் உங்கள் பிளேயர் இல்லையா? பட்டியலின் அடிவரை உருட்டினால், கணினியில் உள்ள செயலியை நாமே காட்டிக்கொடுப்பதற்கான ஒரு வரி கிடைக்கும். அதை அழுத்தி, சி டிரைவில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் 'வீடியோலேன்', அதற்குள் 'விஎல்சி' என்று சென்று, கூம்புப் படமுள்ள செயலிக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டக்கூடிய போர்ட்டபிள் பிளேயர்கள் பொதுவாகப் பட்டியலில் தாமாக வருவதில்லை என்பதால், அவற்றைப் பயன்படுத்துவோருக்கு இந்த வழிதான் கைகொடுக்கும். பட்டியலில் இரண்டு விஎல்சி தெரிந்தால், ஒன்று ஸ்டோரிலிருந்து வந்ததாக இருக்கலாம். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது எது என்று திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 4: செட்டிங்ஸிலிருந்து மாற்றுதல்

பல பின்னொட்டுகளை ஒரே இடத்தில் மாற்ற இந்த வழி ஏற்றது. விண்டோஸ் விசையையும் 'ஐ' விசையையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் 'ஆப்ஸ்', பிறகு 'டீஃபால்ட் ஆப்ஸ்' என்று செல்லுங்கள். இதற்கு மேல் இரண்டு விண்டோஸ்களுக்கும் வழி பிரிகிறது.

விண்டோஸ் 10-இல் 'வீடியோ பிளேயர்', 'மியூசிக் பிளேயர்' என்ற தலைப்புகள் நேரடியாகவே இருக்கும். 'வீடியோ பிளேயர்' என்பதன் கீழே இப்போது உள்ள செயலியின் பெயரைக் கிளிக் செய்து, விஎல்சியைத் தேர்ந்தெடுத்தால், முக்கியமான வீடியோ பின்னொட்டுகள் ஒரே மூச்சில் மாறிவிடும். பாடல்களுக்கும் இதையே செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வீடியோவை மாற்றியதால் எம்பி3 தானாக மாறிவிடாது.

விண்டோஸ் 11-இல் அந்தத் தலைப்புகளை எடுத்துவிட்டார்கள். என் பார்வையில் இது பயனருக்குப் பின்னடைவுதான். இங்கே செயலிகளின் நீண்ட பட்டியலில் விஎல்சியைக் கண்டுபிடித்துக் கிளிக் செய்ய வேண்டும். அந்தப் பிளேயர் திறக்கவல்ல எல்லாப் பின்னொட்டுகளும் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் கீழும் தற்போது அதைத் திறக்கும் செயலியின் பெயரும் படமும் இருக்கும். விஎல்சி ஏராளமான வகைகளைத் திறக்கும் என்பதால் பட்டியல் மலைக்க வைக்கும் அளவுக்கு நீளமானது. அத்தனையையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் படியில் தாளில் குறித்த ஆறை மட்டும் தேடிக் கிளிக் செய்து, வரும் சிறிய சாளரத்தில் விஎல்சியைத் தேர்ந்தெடுத்து, 'செட் டீஃபால்ட்' கொடுத்தால் போதும். பட்டியலை உருட்டப் பொறுமை இல்லாதவர்கள், 'டீஃபால்ட் ஆப்ஸ்' பக்கத்தின் மேலே உள்ள பெட்டியில் பின்னொட்டை ஆங்கில எழுத்துகளில், முன்னால் புள்ளியுடன் தட்டச்சு செய்தும் மாற்றலாம்.

சாளரத்தில் 'மீடியா பிளேயர்', 'விண்டோஸ் மீடியா பிளேயர் லெகசி' என்று இரண்டு பெயர்கள் அருகருகே வந்தால் குழம்ப வேண்டாம். முதலாவது விண்டோஸ் 11-க்காக எழுதப்பட்ட புதிய செயலி. இரண்டாவது, பல ஆண்டுகளாக விண்டோஸுடன் வந்துகொண்டிருக்கும் பழையது. பழையதையே விரும்புகிறவர்கள் 'லெகசி' என்று முடிவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதே பக்கத்தின் அடியில் 'ரீசெட்' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். பழைய விருப்பங்களை மீட்டுத் தரும் பொத்தான் அது என்று எண்ணி நான் ஒருமுறை அழுத்திவிட்டேன். அது மீட்டுத் தந்தது மைக்ரோசாஃப்ட்டின் விருப்பங்களை. பிளேயரோடு சேர்த்து பிரவுசர், பிடிஎஃப் வாசிப்பான், புகைப்படச் செயலி என்று நான் பார்த்துப் பார்த்து அமைத்தவை எல்லாம் ஒரு நொடியில் தொடக்க நிலைக்குப் போய்விட்டன. அன்று மாலை முழுவதும் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அமைக்க வேண்டியதாயிற்று.

மாற்றிய பிறகும் சரியாகவில்லை என்றால்

ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பை இரட்டைக் கிளிக் செய்து சோதியுங்கள். கோப்பு சரியான பிளேயரில் திறந்தும், அதன் மேலுள்ள படம் மட்டும் பழைய செயலியுடையதாகவே இருந்தால் கவலை வேண்டாம். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் மாறிவிடும்.

பென் டிரைவையோ டிவிடியையோ செருகும்போது மட்டும் வேறு பிளேயர் திறக்கிறது என்றால், அது 'ஆட்டோபிளே' என்ற தனி அமைப்பின் வேலை. விண்டோஸ் 10-இல் 'டிவைசஸ்' பகுதியிலும், விண்டோஸ் 11-இல் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' பகுதியிலும் அது இருக்கிறது.

சில நாள் கழித்து மீண்டும் பழைய நிலைக்கே திரும்பினால், அண்மையில் நிறுவிய மென்பொருள்களைத் தேதி வரிசையில் பாருங்கள். பின்னொட்டுகளைக் கைப்பற்ற முயலும் மென்பொருள் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம். அதை நீக்காமல் டீஃபால்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் வேலை. பதிவேட்டை நேரடியாகத் திருத்தச் சொல்லும் குறுக்குவழிகளைத் தொடக்கநிலையாளர்கள் நாட வேண்டாம். சரிபார்ப்புக் குறியீடு பொருந்தாமல் போவதால், அவை பெரும்பாலும் இன்னொரு ரீசெட்டில்தான் போய் முடியும்.

மேக்கிலும் லினக்ஸிலும்

மேக்கில் வேலை சுலபம். கோப்பைத் தேர்ந்தெடுத்து, கமாண்ட் விசையுடன் 'ஐ' விசையை அழுத்துங்கள். வரும் சாளரத்தில் 'ஓபன் வித்' என்ற பகுதியில் பிளேயரைத் தேர்ந்தெடுத்த பின், அதன் கீழே உள்ள 'சேஞ்ச் ஆல்' பொத்தானை அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். அதை அழுத்தாவிட்டால் அந்த ஒரு கோப்புக்கு மட்டுமே மாற்றம் பொருந்தும். அதே வகையைச் சேர்ந்த மற்றவை குவிக்டைம் பிளேயரிலேயே திறந்துகொண்டிருக்கும்.

லினக்ஸில் டெஸ்க்டாப்புக்கு ஏற்பப் பெயர்கள் சற்று மாறும். க்னோம் டெஸ்க்டாப்பில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ஓபன் வித்' என்பதைத் திறந்து, பிளேயரைத் தேர்ந்தெடுத்து, அந்த வகைக்கு எப்போதும் இதையே பயன்படுத்தும்படி கேட்கும் சிறிய சுவிட்சை இயக்கினால் போதும். பழைய பதிப்புகளில் இதே ஏற்பாடு 'ப்ராபர்ட்டீஸ்' சாளரத்தின் 'ஓபன் வித்' பக்கத்தில், 'செட் ஆஸ் டீஃபால்ட்' என்ற பொத்தானாக இருக்கும்.